காரணம் பிடிபடாத அசதியும் தலைசுற்றலும்: களியக்காவிளை தாண்டும் முன் செய்ய வேண்டியவை

இருபது, இருபத்தைந்து வயதில் ஓயாத அசதி, எழுந்து நின்றால் தலைசுற்றல், படபடப்பு. மார்த்தாண்டத்தில் ஒரு டாக்டர், ஆசாரிப்பள்ளத்தில் இன்னொருவர், அப்புறம் களியக்காவிளை எல்லை தாண்டி கேரளத்தில் திருவனந்தபுரம். போகிற இடமெல்லாம் புதிதாக ரத்தம் எடுப்பார்கள்; முழு விவரம் ஒருவர் கையிலும் இருக்காது. அதை நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும்.

ஒரே தாளில் எழுதுங்கள். எப்போது தொடங்கியது, அதற்கு முன் காய்ச்சலோ புது மருந்தோ உண்டா, எதனால் கூடுகிறது, எந்த வேலை செய்ய முடியவில்லை. "ரொம்ப அசதி" என்பதைவிட "இரண்டு மாடி ஏறினால் உட்கார வேண்டியிருக்கிறது" என்பது டாக்டருக்கு உதவும். கஷாயம், லேகியம், ஜிம் பவுடர் எல்லாம் அதில் வரட்டும். குடும்பத்தில் தைராய்டு, சிறுவயதில் திடீர் மரணம் உண்டா என்பதும். பெண்கள் மாதவிடாய்த் தேதிகளையும் நாளுக்கு எத்தனை பேட் என்பதையும் சேர்க்கலாம். மாத்திரை அட்டையைப் போட்டோ எடுத்து வையுங்கள்; மலையாளத்தில் எழுதிய சீட்டு இருந்தால் அங்கேயே வாசித்துக் கேட்டுவிடுங்கள்.

நின்றால் தலைசுற்றுகிறவர்கள் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். காலையில், டீ குடிக்கும் முன், பத்து நிமிடம் படுத்திருந்து நாடித்துடிப்பும் பிரஷரும் பாருங்கள். பிறகு எதிலும் சாயாமல் நின்று 1, 3, 5, 10ஆம் நிமிடங்களில் மறுபடி பார்த்து எழுதுங்கள். பக்கத்தில் ஆள் வேண்டும். மயக்கம் வந்தால் உடனே உட்காருங்கள். பிரஷர் இறங்காமல், படுத்திருந்தபோது இருந்ததைவிடத் துடிப்பு மட்டும் நிமிடத்துக்கு 30க்கு மேல் (19 வயது வரை 40) கூடியே நின்றால் 'பாட்ஸ்' (POTS) என்ற, நிற்கும்போது துடிப்பு அளவுமீறி ஏறும் கோளாறாக இருக்கலாம். மேல் பிரஷர் 20 இறங்கினால் நீர்ச்சத்துக் குறைவு, மருந்து, ரத்த இழப்பு எனத் தேட வேண்டும். ரத்தசோகையும் தைராய்டும்கூடத் துடிப்பை ஏற்றும் என்பதால் இதை வைத்து நீங்களே முடிவு கட்டாதீர்கள்.

முதல் சுற்றில் சிபிசி (ரத்த அணுக்கள்), ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பு), டிஎஸ்ஹெச் (தைராய்டு), சர்க்கரை, கிரியாட்டினின் (சிறுநீரகம்), ஈஎஸ்ஆர் (உடலில் அழற்சி), பி12 வைட்டமின், சிறுநீர் போதும். ஆயிரக்கணக்கில் கொட்டி 'ஃபுல் பாடி' பேக்கேஜ் எடுப்பது வீண். தப்பு நேர்வது வேறு இடத்தில். ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் இரும்புச் சேமிப்பு முன்பே வற்றியிருக்கும். அதைக் காட்டுவது ஃபெரிட்டின். ஆனால் காய்ச்சல் நேரத்தில் அது பொய்யாக உயர்ந்து நிற்கும். முடிக்குச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரை தைராய்டு ரிப்போர்ட்டைக் குழப்பும். டாக்டரிடம் சொல்லி இரண்டு நாளாவது நிறுத்துங்கள். பி12 ஊசி போட்டுவிட்டு பி12 பார்ப்பதில் பயனில்லை. பெயரில்லாத பொடியோ, கடையில் காகிதத்தில் மடித்துத் தரும் மாத்திரையோ உடனே சுகம் தந்தால் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். அது நோயையே மறைத்துவிடும். நாள்கணக்கில் சாப்பிட்டிருந்தால் திடீரென்று நிறுத்தவும் கூடாது, டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஜெனரல் மெடிசின் டாக்டர் ஒருவரையே பிடித்துத் தொடருங்கள். திருவனந்தபுரத்தின் ஸ்ரீசித்திரா மருத்துவமனை மூளை நரம்பு, இதயத்துக்கானது. அந்தச் சந்தேகம் எழுந்தபின் கடிதத்தோடு போனால் போதும். ஸ்கேன் எடுத்தால் ரிப்போர்ட் மட்டுமல்ல, படத்தின் சிடியையும் வாங்குங்கள். காப்பீட்டு அட்டை எல்லைக்கு அப்பால் செல்லுமா என்று முன்பே கேளுங்கள்.

"டென்ஷன்தான்" என்றால் கோபப்பட வேண்டாம். அதுவும் சிகிச்சையுள்ள நோய்தான். ஆனால், "வேறு எதையெல்லாம் இல்லையென்று பார்த்துவிட்டீர்கள்? எப்போது திரும்பி வரணும்?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

ஓடும்போதோ பாரம் தூக்கும்போதோ மயங்கி விழுந்தால் ஈசிஜியும் எக்கோவும் (இதய ஸ்கேன்) கட்டாயம். இரண்டு வாரம் தாண்டிய இருமல் அல்லது மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு என்றால் காசநோய்ப் பரிசோதனை. நெஞ்சுவலி, ஒரு பக்கம் கைகால் தளர்வு, இதுவரை இல்லாத கடும் தலைவலி என்றால் எந்தத் தாளும் வேண்டாம், 108ஐ அழையுங்கள்.