கீரையைக் கண்டால் வாயை மூடிக்கொள்ளும் பிள்ளை: சாப்பாட்டு நேரத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒன்றரை வயதில் களி, கீரை, ரசம் என்று எதை ஊட்டினாலும் வாங்கிக்கொண்ட பிள்ளை, இரண்டரை வயதில் தட்டைப் பார்த்ததுமே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வீட்டில் உடனே காரணம் தேடுவார்கள்: பிடிவாதமா, வயிற்றில் பூச்சியா, கண் பட்டுவிட்டதா? பெரும்பாலும் இவை எதுவும் இல்லை. இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரை, பழகாத உணவைக் கண்டு தயங்குவது குழந்தைகளின் இயல்பு. கசப்பு என்றால் தயக்கம் இன்னும் கூடும். வளர வளர இது தானாகக் குறையும். அதற்குள் பெரியவர்கள் காட்டும் அவசரம்தான் சின்னத் தயக்கத்தை ஆயுளுக்கும் நீடிக்கும் வெறுப்பாக மாற்றிவிடுகிறது.

முதல் தவறு, சீக்கிரம் கைவிடுவது. மூன்று முறை கொடுத்துப் பார்த்துவிட்டு, "இவனுக்குப் புளிச்சகீரை ஆகாது" என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஒரு புது உணவு குழந்தைக்குப் பழக எட்டிலிருந்து பதினைந்து முறை ஆகலாம். முறை என்றால் முழுதாகத் தின்றதை மட்டும் சொல்லவில்லை. மோந்து பார்த்தது, விரலால் தொட்டது, நக்கியது, வாயில் வைத்துத் துப்பியது எல்லாமே கணக்கில் சேரும். துப்பியதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நாக்கு அந்தச் சுவையை ஒரு முறை பார்த்துவிட்டது. இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை, அதே உணவை அதே பக்குவத்தில் வையுங்கள். நாள்காட்டியில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே வந்தால், நாம் எவ்வளவு சீக்கிரம் கைவிடுகிறோம் என்பது நமக்கே தெரியும்.

அளவிலும் தவறுகிறோம். சோற்றின் மேல் ஒரு கரண்டி கீரைக் கடைசலை ஊற்றிவிட்டால், பிடித்த சோறும் கெட்டுவிட்டது என்றே குழந்தை நினைக்கும். பட்டாணி அளவு போதும். அதையும் தட்டின் ஓரத்தில், சோற்றோடு ஒட்டாமல், பிள்ளை வழக்கமாகச் சாப்பிடும் ஏதாவது ஒன்றுக்குப் பக்கத்தில் வையுங்கள். ஒரு வேளைக்கு ஒரே ஒரு புதுப் பண்டம். காய்ச்சல், தூக்கக் கலக்கம், பால்வாடிக்குப் போகத் தொடங்கிய முதல் வாரம் ஆகிய நாட்களில் அதுவும் வேண்டாம்.

எல்லாவற்றிலும் கேடு செய்வது வற்புறுத்தல். கன்னத்தை அழுத்தி வாயைத் திறப்பது, மூக்கைப் பிடித்து ஊட்டுவது, "பூச்சாண்டி வரான்" என்பது, "இன்னும் ஒரே ஒரு வாய்" என்று பத்து வாய் ஊட்டுவது எல்லாம் ஒரே கணக்குதான். அன்றைக்கு வயிறு நிறையலாம். ஆனால் அந்த உணவின் வாசனையோடு பயமும் மனதில் பதிந்துவிடும். செல்போனைக் காட்டி ஊட்டுவது சாந்தமான வழியாகத் தெரிந்தாலும், கண் திரையில் இருக்கும் குழந்தை என்ன தின்கிறது என்று பார்ப்பதே இல்லை. நூறு முறை ஊட்டினாலும் பழக்கம் வராது. வயிறு நிறைந்தது கூடத் தெரியாது. என்ன உணவு, எந்த நேரம், எந்த இடம் என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பதைப் பிள்ளையிடம் விட்டுவிடுங்கள். இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் தட்டை எடுத்துவிடலாம், திட்டாமல்.

"கீரை தின்னா சாக்லேட்டு" என்ற பேரத்தில், கீரை ஒரு தண்டனை, சாக்லேட் அதற்கான கூலி என்றுதான் குழந்தை கற்றுக்கொள்கிறது. தொட்டுச் சுவைத்ததற்கு ஒரு பாராட்டு, கையில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவது பரவாயில்லை. பண்டத்துக்குப் பண்டம் பரிசாகக் கூடாது.

பசி இல்லாத பிள்ளைக்கு எந்தப் புது உணவும் பிடிக்காது. நான்கு மணிக்கு ஒரு டம்ளர் பால், ஐந்தரைக்கு பிஸ்கட், ஆறரைக்கு மறுபடி பால் என்று கொடுத்துவிட்டு, ஏழு மணிக்குச் சாமைச் சோற்றை வைத்தால் யார் தின்பார்கள்? ஒரு வயதைக் கடந்த பிள்ளைக்கு நாள் முழுவதற்கும் பால் 400 மில்லி, மிஞ்சினால் 500 போதும். அதற்கு மேல் போனால் சோறு குறையும், இரும்புச்சத்தும் குறையும். ரத்தசோகை வந்தால் பசி இன்னும் மந்தமாகும். சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்து தண்ணீர் மட்டும் கொடுங்கள். டீயில் பிஸ்கட்டைத் தொட்டுக் கொடுக்கும் வழக்கத்தை அடியோடு விட வேண்டும். உணவில் இருக்கும் இரும்புச்சத்து உடலில் சேராமல் டீ தடுக்கும்.

அடுத்தது, மறைத்துக் கொடுப்பது. கீரையை அரைத்து மாவில் கலந்து, "ஒண்ணும் போடல கண்ணு" என்று சொல்லி ஊட்டினால் சத்து சேரும், கீரை பழகாது. ஒரு நாள் கண்டுபிடித்துவிட்டால் தோசையையும் நம்பாது. சொல்லிவிட்டே கலப்பது வேறு விஷயம். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ராகிக்குப் பஞ்சமில்லை. 100 கிராம் ராகியில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. களியாக ஏற்காத பிள்ளைக்கு இப்படிப் பழக்கலாம்: நான்கு கரண்டி இட்லி மாவில் ஒரு ஸ்பூன் ராகி மாவைக் கரைத்து, "இன்னைக்கு ராகி தோசை" என்று சொல்லியே வாருங்கள். நான்கைந்து நாளுக்கு ஒரு ஸ்பூன் கூட்டுங்கள். நிறம் மெல்ல மெல்லக் கருக்கும், பிள்ளையும் பார்த்துப் பழகும். ஒரு ஸ்பூனிலிருந்து ஒரேயடியாக ஒரு கரண்டிக்குத் தாவுவதுதான் இதில் நடக்கும் பிழை. களி என்றால், பெரியவர்களுக்குக் கிண்டுவதைவிட இளக்கமாகக் கிண்டி, சுண்டைக்காய் அளவு உருட்டி, பிள்ளைக்குப் பிடித்த குழம்பில் நனைத்துக் கொடுங்கள்.

தட்டுக்கு வருவதற்கு முன்பே உணவு கைக்கு வரட்டும். மார்கழி, தையில் சந்தையில் பச்சை அவரை குவியும்போது, உரித்த கொட்டையைத் தண்ணீரில் ஊறவைத்து ஒரு கிண்ணத்தில் பிள்ளை முன்னால் வையுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினால், தோல் விரலில் நின்றுவிடும், பருப்பு வழுக்கிக்கொண்டு கிண்ணத்தில் போய் விழும். மூன்று வயதுப் பிள்ளை இதை அலுக்காமல் செய்யும். பச்சை வாசனை விரலில் ஏறும், வழவழப்பு பழகும். "நான் பிதுக்கினது" என்று குழம்பில் தேடும். அன்றைக்கே தின்னாவிட்டாலும் பழக்கம் தொடங்கிவிட்டது. பச்சைக் கொட்டையை மட்டும் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நன்றாக வெந்த பிறகுதான் தின்ன வேண்டும்.

மிக்ஸியை நம்பி வளர்க்கும் வீடுகளில் இன்னொரு சிக்கல் வருகிறது. ஆறு மாதத்தில் மசித்த உணவு, ஒன்பது மாதத்துக்குள் சின்னச் சின்னக் கட்டியுள்ள மென்மையான உணவு, ஒரு வயதில் வீட்டுச் சாப்பாடு என்பது முறை. இரண்டு வயது வரை எல்லாவற்றையும் கூழாக அரைத்தே ஊட்டினால் நாக்கும் தாடையும் மென்று தின்னக் கற்காது. சோற்றுப் பருக்கை பட்டாலே குமட்டும். குமட்டும்போது சத்தம் வரும், முகம் சிவக்கும், பிள்ளை தானே வெளியே தள்ளிவிடும். தொண்டை அடைத்தால் சத்தமே வராது, அது ஆபத்து. அதனால் முழு நிலக்கடலை, மசிக்காத சுண்டல், முழு திராட்சை, கொட்டையோடு நாவல்பழம் இவற்றை ஐந்து வயது வரை கொடுக்கவே கூடாது.

பிள்ளை காதுபட, "எங்க பாப்பா காய்னாலே தொடாது" என்று பெரியம்மாவிடமும் பக்கத்து வீட்டிலும் சொல்வதை நிறுத்துங்கள். அது சொன்னபடியே நடக்கும். அப்பா சாம்பாரில் கத்தரிக்காயை ஒதுக்கிவைத்தால் பிள்ளையும் ஒதுக்கும். ஒரு வேளையாவது எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து, அதே குழம்பைச் சாப்பிட வேண்டும். கூட இருக்கும் பிள்ளைகளின் வலிமை இன்னும் பெரிது. 1980-இல் அமெரிக்க ஆய்வாளர் லீயான் பர்ச், ஒரு காயை விரும்பாத குழந்தைகளை, அதை விரும்பித் தின்னும் குழந்தைகளோடு நான்கு நாள் மதிய உணவுக்கு உட்கார வைத்தார். விரும்பாத குழந்தைகளும் அதை எடுக்கத் தொடங்கினார்கள். பள்ளிக் காலை உணவில் காய்கறி சாம்பாரோடு கிச்சடியைத் தின்றுவிட்டு வரும் பிள்ளை வீட்டில் மறுப்பதும் இதனால்தான். "அங்க மட்டும் திங்கற" என்று குத்திக்காட்டாமல், என்ன தின்றது என்று கேட்டு, அதையே வீட்டிலும் செய்யுங்கள்.

எடை கூடாமல் நின்றுவிட்டாலோ குறைந்தாலோ, விழுங்கும்போதெல்லாம் இருமினாலோ, ஏற்கெனவே தின்ற உணவுகளையும் ஒவ்வொன்றாக விட்டு மிகச் சிலவற்றில் மட்டும் நின்றாலோ, மண், சுண்ணாம்பு, சாக்பீஸ் தின்றாலோ இது வெறும் தயக்கம் இல்லை. அங்கன்வாடியில் எடை போட்டு வளர்ச்சி அட்டையைப் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவைச் சோதித்துக்கொண்டு, அந்த அட்டையோடு குழந்தைகள் நல மருத்துவரைப் பாருங்கள்.