பழைய 520டி: கார் விலைதான் இறங்கியது, பாகங்களின் விலை இறங்கவில்லை

புதிதாக விற்றபோது நாற்பது, ஐம்பது லட்சம் போன பிஎம்டபிள்யூ 520டி, பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடியபின் ஒரு புதிய சின்ன கார் விலைக்குக் கிடைக்கிறது. ஃபோட்டோவில் பளபளவென்று நிற்கும். சென்னையை ஒட்டிய மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007-இல் தொடங்கிய ஆலையில் பூட்டப்பட்ட வண்டி என்பதால், "நம்ம ஊரில் செய்ததுதானே, பாகம் கிடைக்காமலா போகும்" என்று புரோக்கரும் சொல்வார். கிடைக்கும். ஆனால் ஹெட்லைட்டும் இன்ஜெக்டரும் கியர்பாக்ஸும் இன்னமும் ஐம்பது லட்ச ரூபாய் காரின் சாமான்கள்தான், விலையும் அதற்கேற்றதுதான். கையில் பத்து லட்சம் இருந்தால் பத்து லட்சத்துக்கும் கார் வாங்குவது முதல் தவறு. எட்டுக்குள் முடித்துவிட்டு இரண்டைத் தொடாமல் வையுங்கள். முதல் வருடத்திலேயே அதற்கு வேலை வரும்.

இங்கே சொல்வதெல்லாம் 2010 முதல் 2016 வரை வந்த எஃப்10 தலைமுறையைப் பற்றி. சந்தையில் அதிகம் கைமாறுவது அதுதான்.

இதில் 2014 வாக்கு வரை வந்த 520டிகளில் இருப்பது என்47 டீசல் இன்ஜின். நல்ல இழுவை, நல்ல மைலேஜ். ஆனால் வால்வும் பிஸ்டனும் ஒன்றோடொன்று மோதாமல் ஓட வைக்கும் சங்கிலி, அதாவது டைமிங் செயின், இதில் இன்ஜினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. செயினோ அதன் பிளாஸ்டிக் வழிகாட்டியோ தேய்ந்தால் மாற்றக் கியர்பாக்ஸை இறக்க வேண்டும், இல்லையென்றால் இன்ஜினையே வெளியே எடுக்க வேண்டும். சாமான் விலையைவிடக் கூலிதான் கழுத்தைப் பிடிக்கும். பில் லட்சத்தைத் தாண்டுவது சாதாரணம். மாற்றாமல் ஓட்டி செயின் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே போய்விடும். 2011 வரை வந்த இன்ஜின்களில் இந்தத் தொல்லை அதிகம். 2014-க்குப் பிறகு வந்த பி47-இலும் செயின் பின்னால்தான் இருக்கிறது, ஆனால் அதன் பெயர் இந்த அளவுக்குக் கெடவில்லை.

இதைக் கண்டுபிடிக்கக் காதே போதும், ஆனால் வண்டி குளிர்ந்திருக்க வேண்டும். பத்து மணிக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தால் கொஞ்சம் முன்னதாகவே போய் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக ஏற்கெனவே ஒரு சுற்று ஓட்டிவிட்டார்கள் என்று அர்த்தம். இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பலாம். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து பானெட்டைத் திறந்து, முன்பக்கம் அல்ல, டேஷ்போர்டை ஒட்டிய பின்பக்கம் காதைக் கொடுங்கள். டீசலின் வழக்கமான தடதடப்புக்கு அடியில் சங்கிலி உரசுவதுபோல ஒரு கரகரப்பு கேட்கும். ஆக்சிலரேட்டரை லேசாகத் தொட்டு ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் ஆர்பிஎம்முக்குக் கொண்டுபோனால் இன்னும் தெளிவாகும். அப்புறம் ஜன்னலை இறக்கிவிட்டு ஒரு காம்பவுண்ட் சுவரை ஒட்டி மெதுவாக ஓட்டிப் பாருங்கள். சுவரில் பட்டுத் திரும்பும் சத்தம் நன்றாகக் காட்டிக்கொடுக்கும்.

அடுத்து கூலன்ட், இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம். 2018 கோடையில் தென் கொரியாவில் பிஎம்டபிள்யூ கார்கள் அடுத்தடுத்துத் தீப்பிடித்தன, அதில் 520டிகள் நிறைய. காரணம் இஜிஆர் கூலர், எக்ஸாஸ்ட் வாயுவில் ஒரு பகுதியைக் குளிர்வித்து மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் பாகம். அதில் கசியும் கூலன்ட் புகைக்கரியோடு சேர்ந்து படிந்து, சூடான எக்ஸாஸ்ட் வாயு பட்டுப் பற்றிக்கொண்டது. சோதனைக்குக் கொண்டுவராத வண்டிகளை ஓட்டவே கூடாது என்று அந்த நாட்டு அரசு உத்தரவு போட்டது. அதே ஆண்டு உலக அளவில் சுமார் 16 லட்சம் டீசல் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. ஆகவே, கீழே ஒரு சொட்டும் ஒழுகாமல் கூலன்ட் மட்டும் குறைகிறது என்று ஓனர் சொன்னால், "டாப் அப் பண்ணிக்கலாம்" என்று தலையாட்டிவிடாதீர்கள். சேஸிஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்த வண்டிக்கு ரீகால் வேலை நிலுவையில் இருக்கிறதா என்று அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். போன கையோடு பழைய சர்வீஸ் பதிவுகளையும் கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு சர்வீஸிலும் கிலோமீட்டர் ஏறியிருக்கும். மீட்டரைத் திருப்பியிருந்தால் அங்கேதான் மாட்டும்.

கியர்பாக்ஸ் ஆயிலை மாற்றவே வேண்டாம், "லைஃப்டைம்" என்று சொல்லும் ஓனர்கள் பலர். பொய் சொல்லவில்லை, கார் கம்பெனி சொன்னதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் இந்த எட்டு கியர் பெட்டியைச் செய்த இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. ஃபில்டர் அடித்தட்டோடு ஒட்டியே வருவதால் தட்டையே மாற்ற வேண்டும். ஆயில் அளவையும் இன்ஜின் ஓடும்போது, குறிப்பிட்ட சூட்டில்தான் பார்க்க வேண்டும். அந்தச் சூட்டைக் காட்டும் ஸ்கேனர் இல்லாத பட்டறையில் இந்த வேலையைக் கொடுத்தால் காசும் போகும், கியர்பாக்ஸும் போகும்.

பேட்டரி டிக்கியில் இருக்கிறது. புதியது போட்டால் காரின் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். பதியாவிட்டால் பழைய பேட்டரிக்கு ஏற்றதுபோலவே சார்ஜ் செய்துகொண்டிருக்கும். டயர் பெரும்பாலும் ரன்-ஃப்ளாட். பஞ்சரானாலும் 80 கிலோமீட்டர் வேகத்தில் 80 கிலோமீட்டர் தூரம் ஓட்டலாம் என்பது வசதிதான், ஆனால் பக்கச்சுவர் விறைப்பாக இருப்பதால் நம் ஊர்ப் பள்ளங்களில் ரிம் வளையும், சஸ்பென்ஷன் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் புஷ்கள் சீக்கிரம் போகும். பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் உதறினால் டிஸ்க்கை மட்டும் சந்தேகப்படாதீர்கள், முன்பக்க ஆர்ம் புஷ்களையும் பார்க்கச் சொல்லுங்கள்.

டெல்லி வண்டி மலிவு என்று ஓடுவதிலும் கணக்கு இருக்கிறது. அங்கே பத்து வருடம் தாண்டிய டீசல் கார்களுக்குப் போட்ட தடையால்தான் விலை விழுந்தது. இங்கே கொண்டுவர அந்த ஊர் ஆர்டிஓவின் என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வேண்டும், தமிழ்நாட்டு லைஃப் டாக்ஸைத் தனியாகக் கட்ட வேண்டும். வண்டியின் வயதுக்கேற்ப வரி குறையும், ஆனால் கணக்கு நீங்கள் கொடுத்த விலையில் தொடங்காது, வண்டியின் அசல் விலையில் தொடங்கும். தொகையை ஆர்டிஓ அலுவலகத்தில் விசாரிக்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். சென்னை வண்டி என்றால் வேறு கவலை. 2015 டிசம்பர், 2023 டிசம்பர் வெள்ளங்களில் மூழ்கிய கார்கள் துடைத்து, மெழுகு போட்டு வெளியூர்களுக்கும் போகும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். யாரும் கழுவ நினைக்காத அந்த முனையில் சேற்றுக்கறை இருக்கும். டிக்கியின் தரைவிரிப்பைத் தூக்கி, பேட்டரிப் பக்கமும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

கடைசியாக இன்சூரன்ஸ். பிரீமியம் குறைவாக இருக்கிறதே என்று சந்தோஷப்படுகிறோம். ஐடிவி, அதாவது இன்சூரன்ஸ் கம்பெனி வண்டிக்குப் போடும் மதிப்பு, குறைவு என்பதால்தான் அது குறைவு. தேய்மானம் கழிக்காமல் பாகங்களுக்குப் பணம் தரும் ஜீரோ டெப் இந்த வயது வண்டிக்குக் கிடைப்பது அரிது. அது இல்லாமல் கிளெய்ம் போனால் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதிதான் வரும், பத்து வருடம் தாண்டிய வண்டியில் உலோகப் பாகங்களுக்கும் அதே பாதிதான். பழுதுச் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியையே டோட்டல் லாஸ் என்று முடித்துவிடுவார்கள். முன்பக்கம் பலமாக ஒரு இடி வாங்கி பம்பர், இரண்டு ஹெட்லைட், ரேடியேட்டர், ஏர்பேக் எல்லாம் ஒன்றாகப் போனால் அந்த எல்லை ரொம்ப தூரத்தில் இல்லை. பாலிசி எடுக்கும்போது ஏஜென்ட் காட்டும் ஐடிவியை அப்படியே ஏற்காமல், அனுமதிக்கும் அளவுக்கு உயர்த்திப் போடச் சொல்லுங்கள். பிரீமியத்தில் சில ஆயிரம் கூடும், அவ்வளவுதான்.