முதல் உந்தோகாய்க்குப் போகும் பெற்றோருக்கு

ஜப்பானில் அக்டோபர் வந்தால் மழலையர் பள்ளிகளில் 'உந்தோகாய்' களைகட்டும். பெயர் விளையாட்டு விழாதான். ஆனால் பிள்ளை பரிசு வாங்குமா என்ற கணக்கோடு போகாதீர்கள். அன்றைக்குப் பெற்றோருக்கும் வேலை இருக்கிறது. என் இரண்டு பிள்ளைகளும் டோக்கியோவில் படித்தவர்கள் என்பதால், புதிதாகப் போகிறவர்களுக்கு இதைச் சொல்கிறேன்.

பள்ளி தரும் நிகழ்ச்சி நிரலை முன்கூட்டியே வரிவரியாகப் படியுங்கள். மழை பெய்தால் எந்த நாளுக்குத் தள்ளிவைப்பார்கள், மதியச் சாப்பாடு உண்டா என்பதெல்லாம் அதில் இருக்கும். கொரோனாவுக்குப் பிறகு பல பள்ளிகளில் மதியத்துக்குள் முடித்துவிடுகிறார்கள். முழு நாள் என்றால் ஒனிகிரி (சோற்று உருண்டை) போல ஸ்பூன் தேடாமல் சாப்பிடக்கூடியதாகக் கட்டிக்கொள்ளுங்கள். தரையில் விரித்து உட்காரும் விரிப்பில் செருப்போடு ஏறக்கூடாது.

தொப்பியை மறக்காதீர்கள். ஒரு பக்கம் சிவப்பு, திருப்பிப் போட்டால் வெள்ளை. பிள்ளை எந்த அணியோ அந்த நிறம் வெளியே தெரிய வேண்டும். தாடைக்குக் கீழே வரும் எலாஸ்டிக் நாடா தொளதொளத்திருந்தால் முதல் நாள் இரவே மாற்றித் தைத்துவிடுங்கள். ஓடும்போது தொப்பி பறந்தால் குழந்தை ஓட்டத்தை விட்டுவிட்டுத் தொப்பியைத்தான் துரத்தும்.

எல்லாரும் ஒரே தொப்பியில் நிற்பதால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. நடனத்தில் எந்த இடம், ஓட்டத்தில் எத்தனையாவது வரிசை என்று ஆசிரியையிடம் முன்பே கேட்டு வையுங்கள். சொல்லிவிடுவார்கள். இரண்டு, மூன்று வயதுப் பிள்ளையானால் முன்வரிசையில் நின்று கையசைக்க வேண்டாம். அம்மாவைப் பார்த்த மாத்திரத்தில் அழுதுகொண்டே வரிசையை விட்டு ஓடி வந்துவிடும். கொஞ்சம் பின்னால் நின்று பாருங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது 'தமாயிரே'. உயரமான கம்பத்தின் உச்சியில் ஒரு கூடை. அதற்குள் துணிப் பந்துகளை எறிய வேண்டும். பாதிப் பந்துகள் எறிந்த பிள்ளைகளின் தலையிலேயே வந்து விழும். விசில் ஊதியதும் இரு அணிக் கூடைகளையும் இறக்கி, ஒவ்வொரு பந்தாக மேலே வீசியபடி "இச்சி, நி, சான்" என்று மைதானமே சேர்ந்து எண்ணும். ஒரு பக்கக் கூடை காலியாகி, மறுபக்கம் இன்னும் ஒரு பந்து மேலே போகிறதே, அந்த நொடிக்காகவாவது தயவுசெய்து கைபேசியைக் கீழே இறக்குங்கள். நீங்களும் சத்தமாக எண்ணுங்கள்.

ஓட்டப் பந்தயத்தில் கடைசியாக வரும் குழந்தைக்குத்தான் "கம்பாரே!" (விடாதே, முயற்சி செய்!) என்ற குரல் பலமாக எழும். அது யார் வீட்டுப் பிள்ளையானாலும் கைதட்டுங்கள். தங்கள் பிள்ளையின் முறை முடிந்ததும் முன்னிடத்தை அடுத்த வகுப்புப் பெற்றோருக்கு விட்டுக்கொடுப்பதுதான் மரியாதை.

பெற்றோருக்கும் ஓட்டமோ கயிறு இழுத்தலோ இருக்கும். காலையில் குழந்தைகள் உடற்பயிற்சி செய்யும்போது வேடிக்கை பார்க்காமல் நீங்களும் செய்யுங்கள். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் உடம்பு திடீரென்று ஓடினால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். நல்ல ஷூ போட்டுப் போங்கள்.

முடிந்ததும் கூடாரம் பிரிக்கவும் நாற்காலி அடுக்கவும் ஆள் தேவைப்படும்; யாரும் கூப்பிடும் வரை காத்திருக்க வேண்டாம். சனிக்கிழமை விழா நடத்திவிட்டுத் திங்களன்று விடுமுறை விடும் பள்ளிகளும் உண்டு. அலுவலகத்தில் முன்பே சொல்லிவையுங்கள்.