புது பம்ப் மாடலைச் சீசனுக்கு முன் கடைக்குக் கொண்டுவருவது எப்படி?

கோவையில் ஓபன்வெல் சப்மெர்சிபிள் பம்பில் (கிணற்று நீருக்குள் மூழ்கி ஓடும் பம்ப்) புது மாடல் இறக்க நினைக்கும் பட்டறைக்கு பிப்ரவரிதான் கெடு. வெயில் ஏறிக் கிணறு வற்றத் தொடங்கும்போது சரக்கு டீலர் கடையில் இருக்க வேண்டும். அங்கிருந்து பின்னோக்கி எண்ணித் தேதி போடுங்கள். வேலை செய்வதைவிடக் காத்திருப்பதில்தான் நாள் அதிகம் போகிறது: பேட்டர்ன் (வார்ப்பு அச்சு எடுக்க உதவும் மாதிரி) செய்யும் கடை, ஃபவுண்டரி (வார்ப்புப் பட்டறை), டெஸ்ட் லேப், எங்கும் வரிசை. வரிசையில் முன்கூட்டியே இடம் பிடிப்பவருக்கே நாள் மிச்சம்.

ஹெட் (தண்ணீர் ஏறும் உயரம்), டிஸ்சார்ஜ் (வெளிவரும் தண்ணீரின் அளவு), எச்.பி., பைப் அளவு, விலை ஆகிய ஐந்தையும் ஒரே தாளில் எழுதி, விற்பனை பார்ப்பவரும் டிசைன் பார்ப்பவரும் கையெழுத்துப் போடட்டும். பேட்டர்ன் வேலைக்குப் போனபின் “இன்னும் அஞ்சு மீட்டர் ஹெட் வேணும்” என்று யார் வந்தாலும் அது அடுத்த மாடலுக்குத்தான்.

புதிதாகச் செய்யும் பாகங்களைக் குறையுங்கள். ஸ்டாம்பிங் (மோட்டாருக்குள் அடுக்கும் இரும்புத் தகடு) வெட்டும் டை புதிதாகப் போட்டால் மாதக்கணக்கில் இழுக்கும். இருக்கிற ஸ்டாம்பிங்கில் ஸ்டாக் (தகடு அடுக்கு) நீளத்தைக் கூட்டியே பவர் கிடைக்குமா என்று பாருங்கள். ஷாஃப்ட், புஷ், சீல், கேபிள் எல்லாம் பழையதே போதும். இம்பெல்லரும் (தண்ணீரைத் தள்ளும் சுழல் சக்கரம்) அதைச் சுற்றியுள்ள கேசிங்கும் மட்டும் புதுசு.

முதல் சில காஸ்டிங்குக்கு 3டி பிரிண்ட் பேட்டர்ன் போதும். ஆனால் முடிந்த பாகத்தின் டிராயிங்கை அப்படியே பிரிண்டுக்கு அனுப்பக் கூடாது. வார்ப்பிரும்பு ஆறும்போது ஏறக்குறைய 1 சதவீதம் சுருங்கும், 150 மி.மீ. பாகத்தில் 1.5 மி.மீ. போய்விடும். அதற்கு மேல் மெஷினிங்குக்கும் கனம் விட வேண்டும். இம்பெல்லர் விட்டத்தை 4 சதவீதம் கூட்டியே வார்த்தெடுங்கள். ஹெட் அதிகமானால் லேத்தில் கடைந்து குறைக்கலாம். விட்டம் 4 சதவீதம் குறைந்தால் ஹெட் சுமார் 8 சதவீதம் இறங்கும். விட்டம் போதாமல் வார்த்தால் மறுபடி பேட்டர்னிலிருந்து தொடங்க வேண்டும்.

பேட்டர்ன் தயாராகும் நாளில் வைண்டிங்கை (மோட்டாரின் கம்பிச் சுற்று) சோதியுங்கள். பழைய மாடல் பாடியில் மோட்டாரைப் பொருத்தி, வோல்டேஜ் 180க்கு இறங்கும்போதும் ஸ்டார்ட் ஆகிறதா, முழு லோடில் எவ்வளவு சூடாகிறது என்று பார்த்துவிடலாம். கெபாசிட்டர் மாற்றம் இப்போது ஒரு நாள் வேலை. பம்ப் அசெம்பிளி முடிந்தபின் தெரிந்தால் ஒரு லாட்டையே பிரிக்க வேண்டும்.

அதிகம் பேர் சறுக்குவது சாம்பிளில். முதல் இம்பெல்லரை ஃபைல் போட்டு உட்புறம் வழவழப்பாக்கி டெஸ்ட் செய்கிறார்கள், அந்த அளவையே நேம் பிளேட்டில் அடிக்கிறார்கள். லாட்டில் வரும் காஸ்டிங் சொரசொரப்பாக இருக்கும், டிஸ்சார்ஜ் குறையும், லேபில் ஃபெயிலாகும். கை வைக்காத சாதாரண காஸ்டிங்கில் ஐந்து பம்ப் கட்டி ஓட்டி, அவற்றில் மிகக் குறைந்ததைப் பார்த்து அளவை அறிவியுங்கள்.

ஐஎஸ்ஐ லைசென்ஸ் ஏற்கெனவே இருந்தாலும், முத்திரையோடு விற்க ஓபன்வெல் சப்மெர்சிபிள் பம்புக்கான ஐஎஸ் 14220 தரநிலையின் கீழ் புது மாடலையும் அதில் சேர்க்க வேண்டும். அதற்கான பேப்பர்களை காஸ்டிங் வருவதற்கு முன்பே தயார் செய்து வையுங்கள்.