பாதி வருஷத்தில் காலியாகும் கல்லூரி மன்றம்: சரிசெய்த விதம்

முதல் கூட்டத்தில் அரங்கம் நிரம்பும். செமஸ்டர் தேர்வு முடிந்ததும் நிர்வாகிகள் மட்டுமே மிஞ்சுவார்கள். ஆர்வமில்லை என்று பழிபோடுவது சுலபம். தேதி நிச்சயமில்லாததும் கையில் வேலை இல்லாததும்தான் காரணம். கூட்டத்தை மாதத்தின் முதல், மூன்றாம் வியாழன் என்று கட்டிப்போட்டோம். தேர்வுக்கு முந்தைய 2 வாரம் விடுமுறை. புதியவருக்கு இரண்டாவது கூட்டத்திலேயே மைக், நாற்காலி, வருகைப் பதிவு என ஏதாவதொரு பொறுப்பு.

பணம்தான் பெரிய தலைவலி. சந்தாவை ஆண்டுத் தொடக்கத்திலேயே வாங்கி, கால் பங்கைத் தொடாமல் வையுங்கள். ஒலிபெருக்கி பாக்கி விழா முடிந்த பிறகுதான் வந்து நிற்கும். கடை ரசீதில் எழுத்து சில மாதத்தில் வெளுத்துவிடலாம், அன்றே படமெடுத்துவிடுங்கள்.

அடுத்த நிர்வாகிகளை ஆண்டு முடிய 2 மாதம் இருக்கும்போதே தேர்ந்தெடுத்தால், பழையவர்கள் பக்கத்தில் இருக்க, கடைசி விழாவைப் புதிய நிர்வாகிகளே நடத்திப் பழகலாம். பாஸ்வேர்டு, சாவி, பாக்கிப் பட்டியல் மூன்றும் அப்போதே கைமாறட்டும்.