விலை வேறு, கொடை வேறு: பழைய பொருளை விற்கவும் வாங்கவும் சில வழிகள்

அம்மாவின் தையல் மெஷினை விற்றபோதுதான் இதைப் பற்றி நான் யோசிக்க ஆரம்பித்தேன். வாங்க வந்த பெண்ணுக்கு இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும். மெஷின் முன்னால் உட்கார்ந்து, கைச்சக்கரத்தை ஒருமுறை மெதுவாகச் சுற்றி, கையோடு கொண்டுவந்த துண்டுத் துணியில் நேராக ஒரு தையல் போட்டாள். துணியைத் திருப்பி, அடித்தையலை நகத்தால் நிரடிப் பார்த்தாள். அம்மாவும் அப்படித்தான் பார்ப்பார். மனதில் வைத்திருந்த விலையில் பாதியைச் சொல்லிவிட்டேன். அவள் மறுபேச்சு இல்லாமல் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு எடுத்துப்போனாள். மூன்று வாரம் கழித்து அதே மெஷின், பலகை ஓரத்தில் அம்மா ஒட்டிய அளவுநாடாத் துண்டுகூட அப்படியே இருக்க, இரண்டு மடங்கு விலைக்கு விற்பனைக்கு வந்திருந்தது.

ஒரு மாதம் மனசு ஆறவில்லை. அப்புறம்தான் உறைத்தது. அந்தப் பாதி விலை என் அன்பளிப்பு என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அவளைப் பொறுத்தவரை நான் ஒரு விலை சொன்னேன், அவள் கொடுத்தாள், கணக்கு முடிந்தது. கொடையை விலைக்குள் ஒளித்துவைத்தது என் பிழை. இப்போது விற்றாலும் வாங்கினாலும் இரண்டையும் தனித்தனியாக வைக்கிறேன். அதற்கு நான் செய்வது இதுதான்.

ஆள் வருவதற்கு முன்பே இரண்டு தொகைகளைத் தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, அந்தப் பொருள் இன்று வெளியில் என்ன விலைக்குப் போகிறது என்பது. விற்பவர்கள் கேட்கும் விலையைப் பார்த்து எழுதாதீர்கள், உண்மையில் கைமாறிய விலையை நாலு பேரிடம் விசாரித்து எழுதுங்கள். இன்னொன்று, இதற்குக் கீழே போனால் ராத்திரி தூக்கம் வராது என்கிற அடிவிலை. முதல் தொகையை எழுதும்போது ஒரு எச்சரிக்கை வேண்டும். 1990-இல் டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மாணவர்களில் பாதிப் பேருக்குக் காபி குவளைகளைக் கொடுத்து விற்கச் சொன்னார்கள், மற்றவர்களை வாங்கச் சொன்னார்கள். குவளை கையில் வந்து சில நிமிடங்கள்தான் ஆகியிருக்கும். அதற்குள் வைத்திருந்தவர்கள் கேட்ட விலை, வாங்க வந்தவர்கள் தர நினைத்ததைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது. சில நிமிடக் குவளைக்கே இப்படி என்றால், இருபது வருடம் வீட்டில் இருந்த பொருளுக்கு நம் மனசு என்ன விலை போடும்? அதனால் நான் ஒரு கேள்வி கேட்டுக்கொள்வேன்: இதே பொருள் அடுத்த வீட்டில் இருந்தால், இந்த விலை கொடுத்து நான் வாங்குவேனா? மாட்டேன் என்றால் தொகையைக் குறைத்து எழுதுவேன்.

சரி, ஆள் வந்துவிட்டார், பேசப் பேச மனசு இளகுகிறது. இங்கே நிதானம் வேண்டும். இளகுவது இரக்கத்தாலா, கூச்சத்தாலா என்று பாருங்கள். எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்த்து 'இல்லை' என்று சொல்ல வராமல் விலையைக் குறைப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். அதற்குத் தாராள குணம் என்று பெயர் வைத்துக்கொள்கிறோம். நான் கண்ட வழி, ஒரு ராத்திரி தள்ளிப்போடுவது. "நாளைக் காலையில் சொல்கிறேன்" என்று அனுப்பிவிடுங்கள். காலையில் எழுந்த பிறகும், அவர் எதிரில் இல்லாதபோதும், குறைத்துக் கொடுக்கத் தோன்றினால் அது இரக்கம். தாராளமாகக் கொடுங்கள்.

கொடுப்பதென்றால் வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள். "இதன் விலை இவ்வளவு. நீ தொழில் தொடங்குகிறாய், அதனால் இதில் கால்பங்கு என்னுடைய அன்பளிப்பு." இப்படிச் சொல்லும்போது அவர் வேண்டாம் என்று சொல்லவும் வழி இருக்கிறது. சிலர் சொல்வார்கள், அவர்களுக்கு அது கௌரவம். வாங்கிக்கொண்டால், அது கொடுத்த பணம். நாளைக்கு அவர் அந்தப் பொருளை விற்றாலும், உடைத்தாலும், மூலையில் போட்டாலும் கேட்க உங்களுக்கு உரிமை கிடையாது. அப்படி விட்டுவிட முடியாது என்று தோன்றினால் குறைக்காதீர்கள்.

விலையைத் தொடாமலும் உதவலாம். பல நேரம் அதுதான் பெரிய உதவி. என் சைக்கிளைக் கேட்டு வந்த ஒரு மாணவன் விலையைக் கேட்டதும் பேசாமல் நின்றான். "விலை அதிகமா, இல்லை இப்போது கையில் இல்லையா?" என்று கேட்டேன். கையில் இல்லை என்றான். மூன்று தவணையாகக் கொடுக்கச் சொன்னேன். தேதிகளை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். முழு விலையும் வந்து சேர்ந்தது, அவனும் தலைநிமிர்ந்து வாங்கினான். விலையைக் குறைத்திருந்தால் அவனுக்குத் தேவையில்லாத ஒன்றைத்தான் கொடுத்திருப்பேன். பம்பையும் பஞ்சர் ஒட்டும் பெட்டியையும் சேர்த்துக் கொடுத்தேன். சைக்கிள் இல்லாத எனக்கு அவை எதற்கு?

பழுதைச் சொல்வதைத் தாராள குணத்தில் சேர்க்காதீர்கள். அது வாங்குபவருக்கு நாம் பட்டிருக்கும் கடன். விலை பேசும் முன்பே சொல்லிவிட வேண்டும், பேரம் படிந்த பிறகு சொன்னால் அது மிரட்டல் மாதிரி ஆகிவிடும். தடிமனான துணி போட்டால் அடிநூல் சுருண்டுகொள்ளும் என்று அம்மாவின் மெஷினைப் பற்றி முதலிலேயே சொன்னேன், அந்த ஒன்றை நான் சரியாகச் செய்தேன். இதில் நம் நலனும் இருக்கிறது. பழைய கார்ச் சந்தையை வைத்துப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் இதை விளக்கினார். எது நல்ல வண்டி, எது ஓட்டை வண்டி என்று வாங்குபவருக்குத் தெரியாவிட்டால், எல்லாவற்றுக்கும் நடுத்தர விலைதான் கொடுப்பார். அந்த விலை கட்டுப்படியாகாமல் நல்ல வண்டிக்காரர்கள் ஒதுங்க, சந்தையில் ஓட்டை வண்டிகளே மிஞ்சும். மறைப்பவர்களால் மறைக்காதவர்களுக்கும் நஷ்டம்.

அடுத்தவர் கஷ்டத்தைப் பார்த்து விலையை ஏற்றாதீர்கள். கனடாவில் தொலைபேசியில் மக்களைக் கேட்டு 1986-இல் வெளியான ஓர் ஆய்வு இருக்கிறது, செய்தவர்கள் அந்தக் குவளைச் சோதனை செய்த அதே மூவர்தான். பனிப்புயல் அடித்த மறுநாள் காலையில் ஒரு கடை பனி அள்ளும் மண்வெட்டியின் விலையை ஏற்றினால் அது நியாயமா என்று கேட்டார்கள். 82 சதவீதம் பேர் அநியாயம் என்றார்கள். ஜனங்கள் இதை மறப்பதில்லை.

வாங்கும் பக்கத்துக்கு வருகிறேன். அடிமாட்டு விலைக்குக் கேட்பது சாமர்த்தியம் என்று பலர் நினைக்கிறார்கள். 1982-இல் ஜெர்மனியில் பொருளாதார அறிஞர் வெர்னர் கியூத்தும் இரண்டு சகாக்களும் ஒரு விளையாட்டை வைத்துப் பார்த்தார்கள். ஒருவர் ஒரு தொகையை இருவருக்குமாகப் பங்கு பிரித்துச் சொல்ல வேண்டும். மற்றவர் மறுத்தால் இருவருக்கும் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு பல இடங்களில் இதைத் திரும்பச் செய்து பார்த்தபோது, ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகச் சொன்னால் பலர் வேண்டாம் என்றே எழுந்துவிட்டார்கள், கையில் வருவதையும் இழந்து. அவமானப்படுத்தும் விலையைக் கேட்டால் நல்ல பொருளும் நம் கையை விட்டுப் போய்விடும். நான் முதலில் கேட்கும் விலை, அவர் முகம் சுளிக்காமல் மறுவிலை சொல்லும்படி இருக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்வேன்.

சொந்தக்காரர், நண்பர் என்றால் சுருக்கமாக முடியுங்கள். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு. ஒன்று சும்மா கொடுங்கள், இல்லை வெளி விலைக்கே கொடுங்கள். அரைகுறை விலைதான் வருடக்கணக்கில் பேச்சுக்கு இடமாகும்.

எனக்கு இன்னும் கஷ்டமாக இருப்பது, விற்பவருக்கே மதிப்புத் தெரியாத பொருள். அதை வாங்கி விற்பதே தொழிலாக இருப்பவர் குறைத்துச் சொன்னால் வாங்கிக்கொள்வேன், விலை தெரிந்துவைத்திருப்பது அவர் வேலை. ஆனால் கணவர் இறந்த பிறகு வீட்டைக் காலி செய்துகொண்டிருந்த ஒரு அம்மாவிடம் கேமரா லென்ஸ் ஒன்றைப் பார்த்தேன். மூடியைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் கண்ணாடியில் ஒரு கீறல், ஒரு பூஞ்சைப் புள்ளி இல்லை. அவர் கேட்டது வெளி விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பையில் பணம் இருந்தது, கையும் பைக்குள் போய்விட்டது. வெளியே எடுத்துவிட்டு, "அம்மா, இது நீங்கள் சொல்வதைவிட ரொம்ப விலை போகும். என்னால் பாதிதான் கொடுக்க முடியும். முழு விலை வேண்டுமென்றால் யாரிடம் கேட்பது என்று எழுதித் தருகிறேன்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் லென்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்துவிட்டு, மூடியைப் பொருத்தி அதன் தோல் உறையில் வைத்தேன். அவர் அதை விற்பனைக்கு வைத்திருந்த பொருள்களின் நடுவிலிருந்து எடுத்து உள்ளே கொண்டுபோனார்.