கருவிக்குக் குறிச்சொல், கோளாறுக்குச் சாதாரணச் சொல்

மலேசியாவில் ரெங்கம் பக்கம் ஒரு செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தில் நான் கிராணி, அதாவது கணக்கு எழுதுகிறவர். காலைப் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுப்பில், யார் வந்தார், மாலைக்குள் எத்தனை குலை வெட்டினார் என்பதெல்லாம் கூகுள் ஷீட்ஸில் ஏறும். கூலி அதை வைத்துத்தான்.

ஒரு ஜூன் மாதம் கூட்டிப் பார்த்தால் ஒரே ஒரு நாளின் கணக்குதான் வந்தது, 6ஆம் தேதி. நான் நாளை முன்னால் எழுதி 05/06 என்று அடித்திருந்தேன். ஷீட் அதை மே 6 என்று எடுத்துக்கொண்டது. 13ஆம் தேதியிலிருந்து வந்தவை தேதியாகவே ஏறாமல் வெறும் எழுத்தாக நின்றன. 06/06 மட்டும் எப்படிப் படித்தாலும் ஒன்றுதானே, அதனால் தப்பித்தது. வெயிலில் வெட்டியவர்களுக்கு மறுநாள் சம்பளம்.

நிரல் எழுதுகிறவர்கள் கேள்வி கேட்டுப் பதில் சொல்லும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் "தேதி தப்பாக வருகிறது" என்று ஆங்கிலத்தில் நீளமாக எழுதித் தேடினேன். ஜாவாக்காரர், பைத்தான்காரர் எல்லாருடைய தேதிக் கவலையும் வந்து குவிந்தது. கேள்வி எதைப் பற்றியது என்று காட்ட அதில் ஒட்டும் குறிச்சொல்லை (டேக்) அன்றைக்குத்தான் ஒழுங்காகப் பிடித்தேன்.

குறிச்சொல்லைச் சதுர அடைப்புக்குள் போட வேண்டும். இங்கே தமிழில் எழுதினாலும், தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்து. இரண்டு சொல் சேர்ந்த பெயர் என்றால் நடுவில் சிறுகோடு. [கூகுள்-ஷீட்ஸ்] [டேட்] என்று இடைவெளி விட்டு இரண்டைப் போட்டால், இரண்டு குறியும் உள்ள கேள்விகள் மட்டும் வரும். அப்புறம் அடைப்பு இல்லாமல் ஒரு சொல்: லொகேல், அதாவது எந்த நாட்டு வழக்கப்படி தேதியைப் படிப்பது என்ற அமைப்பு. நான் போட்டது அவ்வளவுதான்.

வந்ததில் பாதி நிரல் எழுதுகிறவர்களுக்கானது. அதை வெளியே தள்ள, முன்னால் கழித்தல் குறி போட்டு -[கூகுள்-ஆப்ஸ்-ஸ்கிரிப்ட்] என்று சேர்த்தேன். பட்டியல் சட்டென்று சுருங்கியது. இன்னும் அதிகமாக இருந்தால் ஸ்கோர்:3 என்று சேருங்கள். 3 அல்லது அதற்கு மேல் மதிப்பெண் பெற்றவை மட்டும் நிற்கும். இதையும் ஆங்கிலத்தில், முக்காற்புள்ளிக்குப் பின் இடைவெளி விடாமல் தட்ட வேண்டும்.

மூன்று நான்கு குறிச்சொல்லை அடுக்கினால் இன்னும் துல்லியமாகக் கிடைக்கும் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் குறிச்சொல் போடுவது கேள்வி கேட்டவர். ஒரு கேள்விக்கு அதிகபட்சம் ஐந்துதான். அவர் ஒன்றிரண்டோடு நிறுத்தியிருந்தால், நமக்கு வேண்டிய பதிலே பட்டியலிலிருந்து விழுந்துவிடும். ஆகவே மாறாத ஒன்றுக்கு, அதாவது கருவிக்கு, குறிச்சொல் வையுங்கள். கோளாறைச் சாதாரணச் சொல்லால் சொல்லுங்கள். ஒன்றும் வரவில்லையா, முதலில் ஒரு குறிச்சொல்லை எடுத்துவிடுங்கள்.

நடுவில் 'ஆர்' ('அல்லது' என்பதற்கான ஆங்கிலச் சொல்) போட்டு [கூகுள்-ஷீட்ஸ்] ஆர் [எக்செல்] என்றும் தேடலாம். இரண்டில் ஒன்று இருந்தாலே வரும். சம்இஃப்ஸ், விலுக்கப் மாதிரிச் சூத்திரங்கள் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்று என்பதால், எக்செல்காரருக்குச் சொன்ன பதில் பல முறை எனக்கு உதவியிருக்கிறது. மெனு, அமைப்பு பற்றிய கேள்விக்கு இந்த வழி வேண்டாம், இரண்டிலும் இடம் வேறு. 'ஆர்', கழித்தல், இன்னொரு குறிச்சொல் எல்லாவற்றையும் ஒரே வரியில் கலக்கவும் வேண்டாம். தனித்தனியாகத் தேடுவதே நல்லது.

என் கோளாறுக்கு விடை பைல் மெனுவில், செட்டிங்ஸில், லொகேல் என்ற இடத்தில் இருந்தது. அமெரிக்கா என்று இருந்ததை யுனைடெட் கிங்டம் ஆக்கினேன். ஆனால் ஏற்கெனவே மே 6 ஆகிவிட்டது தானாக ஜூன் 5 ஆகாது. அந்த மாதத் தேதிகளைச் செக்ரோல் (வருகைப் பதிவு) புத்தகத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகத் திரும்ப அடித்தேன். சம்பளம் மறுநாள் காலையிலேயே போய்ச் சேர்ந்தது.